செங்கல் வீடு கட்டித்தந்த மேஸ்திரி: எங்கள் மதிப்பீடு

பூசாத செங்கல் சுவரும், மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிக் கட்டும் மெட்ராஸ் டெரஸ் கூரையும் வேண்டும் என்றதும், தஞ்சாவூர் வட்டாரத்தில் நாங்கள் அணுகிய ஒப்பந்தக்காரர்களில் பலர் கான்கிரீட் வீட்டுக்கான சதுர அடி விலையையே நீட்டினர். இறுதியில் பணியை ஏற்ற மேஸ்திரியின் குழுவைப் பற்றியதே இம்மதிப்பீடு.

அவருடைய திறமை சுவரில்தான் தெரிகிறது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய எலிப்பொறிக் கட்டு முறையில், செங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டு 9 அங்குலச் சுவர் எழுப்பினார். இதனால் செங்கலில் ஏறக்குறைய கால் பங்கு மிச்சமாவதோடு, வெயிலின் சூடும் உள்ளே எளிதில் இறங்குவதில்லை. இரண்டு கற்களை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்து, கணீரென்று ஒலிக்காதவற்றை ஒதுக்கிய பிறகே மற்றவற்றைத் தண்ணீரில் ஊறவைத்தார்கள். (ஒதுக்கியது கொஞ்சநஞ்சமல்ல, சூளைக்காரருக்குத்தான் வருத்தம்.) கூரையில் தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாட்டமாக அடுக்கியதும், கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சாந்தில் சேர்த்ததும் பழைய முறை பிசகாமல் நடந்தன.

குறையும் உண்டு. மின்குழாய்கள் செல்லும் வழியை முன்கூட்டியே கேட்டுக் குறிக்காததால், ஓர் அறையில் முடிந்த சுவரை உடைக்க நேர்ந்தது. பூச்சில்லாத சுவரில் அந்த ஒட்டு இன்றும் கண்ணை உறுத்துகிறது. சுண்ணாம்பு மெதுவாகவே இறுகும் என்பதால், கிரகப்பிரவேச நாளை முதலிலேயே குறித்துவிட்டவர்களுக்கு இக்குழு ஒத்துவராது. கூலி ஒப்பந்தம் மட்டுமே எடுப்பார். பொருள்களை நாமே வாங்கித் தரவேண்டும்.