ஒன்பதாம் வகுப்பில் எந்தக் கணக்கு?

அமெரிக்காவில் எட்டாவதிலேயே அல்ஜீப்ரா 1 முடித்த பிள்ளைகளின் பெற்றோர் பலருக்கும் வரும் குழப்பம் இது: அடுத்து ஜியாமெட்ரியா, அல்ஜீப்ராவை மறுபடி படிப்பதா?

போகும் தூரம்:
ஜியாமெட்ரி – பன்னிரண்டாவதில் கால்குலஸ் எட்டிவிடும்.
அல்ஜீப்ரா – வழக்கமாகப் பிரிகால்குலஸோடு (கால்குலஸுக்கு முந்தைய பாடம்) நிற்கும்.

அடித்தளம்:
ஜியாமெட்ரி – பழைய ஓட்டைகள் ஓராண்டு மறைந்திருக்கும். பத்தாவதில் அல்ஜீப்ரா 2 வரும்போது கழுத்தைப் பிடிக்கும்.
அல்ஜீப்ரா – ஓட்டை அடைபடும். நன்றாகத் தெரிந்த பிள்ளைக்கோ சலிப்பு.

பிள்ளையின் நோட்டைத் திறந்து பாருங்கள். அடைப்புக்குறிக்கு முன்னால் மைனஸ் இருந்தால், உள்ளே இரண்டாவது உறுப்பின் குறியும் மாறியிருக்கிறதா? மாறியிருந்தால் தயங்காமல் ஜியாமெட்ரி. பக்கத்துக்குப் பக்கம் அங்கேயே சறுக்கியிருந்தால் அல்ஜீப்ராதான். அடுத்த வீட்டுப் பிள்ளை எதை எடுக்கிறான் என்று தயவுசெய்து பார்க்காதீர்கள். அல்ஜீப்ராவை மறுபடி எடுத்தும் பின்னால் கால்குலஸ் வேண்டுமென்றால், பல பள்ளிகளில் ஜியாமெட்ரியையும் அல்ஜீப்ரா 2-ஐயும் ஒரே ஆண்டில் சேர்த்து எடுக்கலாம்.