ரெசின் கிட் ஒட்ட ஃபெவிக்விக்கா, அரால்டைட்டா?

பிளாஸ்டிக் மாடல் செய்து பழகியவர்கள், முதல் ரெசின் கிட் (ரெசினில் வார்த்த துண்டுகளை நாமே ஒட்டிச் செய்கிற மாடல்) கைக்கு வந்ததும் பழைய பிளாஸ்டிக் சிமென்ட் பாட்டிலைத்தான் திறப்பார்கள். பிளாஸ்டிக் மாடலின் பாலிஸ்டைரீனைக் கரைத்து ஒட்டுகிற சரக்கு அது. ரெசின் கிட்டின் பாலியூரித்தேன் ரெசினிடம் அதன் பாச்சா பலிக்காது. அப்புறம் பெரும்பாலும் இரண்டே வழி: சூப்பர் க்ளூ, இல்லையென்றால் இரண்டு ட்யூப் எபாக்சி. கடையில் கேட்கிற பெயரில் சொன்னால் ஃபெவிக்விக், அரால்டைட்.

எது வலு என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, துண்டுகளைக் கழுவியாயிற்றா என்றுதான். சிலிகான் அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வர ஒரு வழுக்குப் பூச்சு அடித்திருப்பார்கள். அது இருக்கும்வரை எந்தப் பசையும் நிற்காது, பெயின்ட்டும் நிற்காது. வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், பழைய டூத் பிரஷ் போதும். காய்ந்தபின் ஒட்டும் முகத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். தண்ணீர் தொட்டுத் தேய்த்து, மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

சூப்பர் க்ளூவின் பலம் வேகம். விரல், கொம்பு, வாள் நுனி மாதிரிச் சின்னத் துண்டுகளுக்கு எபாக்சி குழைப்பது வீண் வேலை. ஆனால் ஈரத்தால் இறுகுகிற பசை இது. மழைக்கால சென்னையில் நாம் நினைப்பதற்குள் பிடித்துவிடும். 1/6 அளவு உருவம் ஒன்றின் கையை நூலளவு கோணலாக ஒட்டிவிட்டு, ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து, பிறகு பட்டென்று ஒடித்து எடுத்திருக்கிறேன். குளிரில் அந்தப் பசை நொறுங்கும். சாதாரண நாளிலும் நேராக இழுத்தால் தாங்கும், பக்கவாட்டில் தட்டினால் விட்டுவிடும். கண்ணாடி போன்ற துண்டில் வெள்ளையாகப் பூத்துவிடுவது இன்னொரு தொல்லை.

வார்க்கும்போது விழுகிற காற்றுக்குமிழிக் குழிகளை அடைக்க மட்டும் இதை மிஞ்ச ஆளில்லை. குழியில் ஆப்ப சோடா தூவி ஒரு சொட்டு விட்டால் உடனே கல்லாகும். அன்றைக்கே தேய்த்துவிடுங்கள். மறுநாள் அது ரெசினைவிடக் கெட்டியாகி, அரம் சுற்றியுள்ள ரெசினைத்தான் தின்னும்.

எபாக்சி தருவது அவகாசம். ஐந்து நிமிட வகையில் ஐந்து நிமிடம் என்பது கணக்கு. மே மாதத்தில் முழுசாகக் கிடைக்காது. இரண்டு ட்யூபும் சமமாக வர வேண்டும், இல்லையென்றால் பிசுபிசுப்பு போகவே போகாது. ஓரத்தில் வழிந்ததை இறுகும் முன் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கலாம். ஒரு ராத்திரி தொடாமல் விடுவது நல்லது.

ஜப்பானில், சிபாவின் மகுஹாரி மெஸ்ஸேயில் நடக்கும் வண்டர் ஃபெஸ்டிவல் என்ற மாடல் சந்தையில் விற்கிற கராஜ் கிட்களில் (ஆர்வலர்கள் தாங்களே செய்து விற்கும் கிட்களில்) பல, கொஞ்ச எண்ணிக்கையில் கையால் வார்த்தவை. துண்டுகள் உள்ளே கெட்டி, கனமும் அதிகம், மூட்டுகள் கச்சிதமாகப் பொருந்துவது அபூர்வம். அந்த இடைவெளியை எபாக்சி நிரப்பும், சூப்பர் க்ளூ நிரப்பாது.

அதனால் தொடை, இடுப்பு, கணுக்கால் மூன்றுக்கும் என் ஓட்டு எபாக்சிக்கே, அதுவும் 2 மி.மீ. பித்தளைக் கம்பியோடு. ஒரு முகத்தில் துளையிட்டு, விளிம்பில் ஈரப் பெயின்ட் தொட்டு மறுமுகத்தில் அழுத்தினால் எதிர்த்துளைக்கு அடையாளம் விழும். துளைக்குள் கம்பியும் எபாக்சியும், ஓரத்தில் ஒரே ஒரு சொட்டு சூப்பர் க்ளூ. எபாக்சி இறுகும்வரை நம் கைக்குப் பதில் அந்தச் சொட்டு பிடித்துக்கொள்ளும்.