லிப்ரெஆபிஸ் ரைட்டர்: தமிழில் நீளமாக எழுதுகிறவர்களுக்கு ஒத்துவருமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் நீளமாக எழுதி, எழுதியதைத் திரும்பத் திரும்பத் திருத்துகிற ஆள் நீங்கள் என்றால் ரைட்டர் நல்ல கருவி. சரியான சொல்லைத் தேடித் தருமா என்று கேட்டால், தமிழில் தராது. இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எழுதுகிறவருக்கு நேரம் போவதே இந்த இரண்டு இடத்தில்தான்: சொல் வராமல் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஒன்று, வந்த சொல்லை மென்பொருள் தன் இஷ்டத்துக்கு இழுத்தடிப்பது இன்னொன்று.

அறிமுகம் வேண்டுகிறவர்களுக்கு மட்டும்: ரைட்டர் என்பது லிப்ரெஆபிஸ் தொகுப்பில் இருக்கும், மைக்ரோசாஃப்ட் வேர்டு போன்ற எழுதும் மென்பொருள். லிப்ரெஆபிஸ் 2010-ல் ஓப்பன்ஆபிஸிலிருந்து பிரிந்து வந்தது, தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு பார்த்துக்கொள்கிறது, இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 2024 தொடக்கத்திலிருந்து பதிப்பு எண்ணே ஆண்டும் மாதமுமாக வருகிறது (24.2 என்பதுபோல), அதனால் உங்களிடம் இருப்பது எவ்வளவு பழசு என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். கீழே சொல்லும் விசைகள் விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும். மேக்கில் பெரும்பாலும் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட்.

நிறுவியதும் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இதைச் செய்யாமல்தான் பலரும் "தமிழுக்கு இது சரிப்படாது" என்று திரும்பிப் போகிறார்கள். ரைட்டர் எழுத்துகளை மூன்று கூட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறது: மேற்கத்திய எழுத்து, கிழக்காசிய எழுத்து, அப்புறம் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட், சுருக்கமாக சிடிஎல். தமிழ் இந்த மூன்றாவது கூட்டத்தில் வருகிறது. மூன்றுக்கும் எழுத்துரு தனி, அளவு தனி, மொழி தனி. ஸ்டைலைத் (எழுத்துரு, அளவு போன்றவற்றின் தொகுப்பு) திறந்து எழுத்துரு அளவை 12 என்று மாற்றினேன், தமிழ் அசையவே இல்லை என்று யாராவது சொன்னால், அவர் மாற்றியது மேற்கத்திய எழுத்தின் அளவை. சிடிஎல் என்று போட்டிருக்கும் பகுதியில் மாற்றினால் உடனே மாறும். டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் போய், மொழிப் பகுதியில் சிடிஎல்லுக்குத் தமிழ் என்று தேர்ந்தெடுத்துவிடுங்கள். அங்கே இந்தி இருந்து, இந்தி அகராதியும் கூடவே இருந்தால், நீங்கள் எழுதும் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லின் அடியிலும் சிவப்பு நெளிகோடு ஓடும், பாவம் அதற்கென்ன தெரியும், இந்தி அகராதியில் "வந்தான்" இல்லையே. வேர்டிலும் இந்தச் சிக்கல் உண்டு. அங்கேயும் ஃபாண்ட் பெட்டியில் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் என்று தனிப் பகுதி இருக்கிறது, பலர் அதைக் கண்ணெடுத்துப் பார்ப்பதில்லை.

எழுத்துருவில் எதையாவது போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். தடித்த எழுத்து தனியாக வரையப்படாத எழுத்துருவில் போல்டு போட்டால், மென்பொருள் கோட்டைத் தானே தடிமனாக்கும், ண, ஞ, ழ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். மீரா இனிமை படிக்க அழகாக இருக்கும், ஆனால் அதில் ஒரே தடிமன்தான். தலைப்புகள் நிறைய வரும் கட்டுரை என்றால் நோட்டோ செரிஃப் தமிழ் பாதுகாப்பு, அதில் பல தடிமன்கள் இருக்கின்றன.

சரி, அன்றாடத் தொல்லைகள். வேர்டானாலும் ரைட்டரானாலும் பாதித் தொல்லை கண்ணுக்குத் தெரியாத குறிகளால் வருவது. வெற்றுப் பக்கம் ஒன்று போகவே மாட்டேன் என்கிறது, வரிக்கு நடுவே பெரிய இடைவெளி, பட்டியலுக்குக் கீழே எழுத முடியவில்லை, எல்லாவற்றுக்கும் முதல் மருந்து கண்ட்ரோல்+எஃப்10. என்டர் தட்டிய இடம், டேப், கூடுதல் இடைவெளி எல்லாம் திரையில் வெளியே வந்துவிடும். வேர்டில் இதற்குக் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+8. இரண்டு பக்கமும் சமமாக ஒழுங்கு செய்த பத்தியில் ஒரு வரி மட்டும் சொற்களுக்கு நடுவே ஓட்டை விட்டுப் பரந்து கிடந்தால், அந்த வரியின் முடிவில் என்டருக்குப் பதில் ஷிஃப்ட்+என்டர் இருக்கும், போய்ப் பாருங்கள். தமிழில் சொற்கள் நீளம் என்பதால் சாதாரண வரிகளிலேயே இந்த ஓட்டை விழும். சமமாக ஒழுங்கு செய்வதை விட்டு இடப்பக்கம் மட்டும் ஒழுங்கு செய்வதே மேல் என்பது என் கட்சி, அல்லது நீண்ட சொல்லின் நடுவே கண்ட்ரோலோடு சிறுகோட்டைத் தட்டினால், தேவைப்பட்டால் மட்டும் உடைகிற மறைகோடு ஒன்று விழும்.

வேறிடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது கூடவே வந்து சேரும் நிறமும் அளவும் இன்னொரு தலைவலி. கண்ட்ரோல்+ஆல்ட்+ஷிஃப்ட்+வி தட்டினால் வெறும் எழுத்து மட்டும் வரும். விரல் சுளுக்கிக்கொள்கிற விசை, ஒத்துக்கொள்கிறேன், ஆனாலும் பழகிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது என்றால், தேர்ந்தெடுத்துவிட்டு கண்ட்ரோல்+எம். அதில் நீங்கள் கையால் போட்ட போல்டும் போய்விடும், கவனம். பிடிஎஃபிலிருந்து எடுத்து, வரிக்கு வரி என்டர் விழுந்த பகுதியை ஒவ்வொன்றாக இழுத்து ஒட்டவைக்க வேண்டாம்: ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸில் ஒற்றை வரிப் பத்திகளைச் சேர்ப்பது என்று ஒரு வசதி இருக்கிறது, அதை டிக் செய்து, ஆட்டோகரெக்ட்டில் அப்ளை கொடுத்தால் சேர்த்துவிடும். பத்திகள் டிஃபால்ட் ஸ்டைலில் இருந்தால்தான் வேலை செய்யும், இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ரைட்டரை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு உண்மையான காரணம் கண்ட்ரோல்+எச், அதாவது தேடி மாற்றும் பெட்டி. இதில் ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது குறிகளால் வடிவத்தைச் சொல்லித் தேடும் முறை, வேலை செய்கிறது. ^$ என்று தேடி, மாற்றும் கட்டத்தைக் காலியாக விட்டால் ஆவணத்தில் உள்ள வெற்றுப் பத்திகள் எல்லாம் ஒரே அடியில் போய்விடும். ஆனால் தமிழுக்கு இதன் அருமை வேறிடத்தில் இருக்கிறது. பலர் கையில் மாறி வந்த கோப்பைத் தேடிப் பார்த்திருந்தால் தெரியும், கண்முன்னே "மாரி" என்று இருக்கும், தேடினால் கிடைக்காது. காரணம், சிலர் ர-வுக்குப் பதில் துணைக்காலைத் தட்டி அதன்மேல் கொக்கி போட்டிருப்பார்கள், தட்டச்சுப் பொறிக் காலத்துப் பழக்கம். சில எழுத்துருக்களில் ாி என்பதும் ரி என்பதும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு வேறு. இதேபோல ர் வர வேண்டிய இடத்தில் ா். தமிழில் துணைக்காலுக்குப் பின்னால் கொக்கியோ புள்ளியோ முறைப்படி வரவே வராது, அதனால் ஆவணம் முழுக்க ாி என்பதை ரி என்றும் ா் என்பதை ர் என்றும் யோசிக்காமல் ஒரேயடியாக மாற்றிவிடலாம். ஔகாரத்தில் மட்டும் அந்தத் தைரியம் வேண்டாம். "கௌரவம்" என்பதை ஒற்றைக்கொம்பும் ள-வும் போட்டு "கெளரவம்" என்று எழுதுவது சகஜம்தான், ஆனால் மொத்தமாக மாற்றப் போனால் வெள்ளம், தெளிவு, கெளுத்தி எல்லாம் சின்னாபின்னமாகும், ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். சந்தேகமான எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஆல்ட்+எக்ஸ் தட்டினால் அதன் யூனிகோடு எண் தெரியும், மறுபடி தட்டினால் எழுத்தாகிவிடும். தமிழ் என்றால் அந்த எண் 0பி80-க்கும் 0பிஎஃப்எஃப்-க்கும் நடுவே இருக்க வேண்டும். அப்படி இல்லாமல் ஆங்கில எழுத்தின் எண் வந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பகுதி. எழுத்துருவை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது, குறியேற்றம் மாற்றும் கருவி ஒன்றில் போட்டு எடுக்க வேண்டும்.

அதே பெட்டியில் சிமிலாரிட்டி சர்ச் என்று ஒன்று ஒளிந்திருக்கிறது. ஓரிரண்டு எழுத்து கூடக் குறைய இருந்தாலும் பிடித்துவிடும். ஒரு பெயரைக் கட்டுரை முழுக்க மூன்று விதமாக எழுதிவைத்திருக்கும் ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல பொறி கிடையாது.

இனி சொல் தேடுவது. ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு சொல்லின்மேல் கர்சரை வைத்து கண்ட்ரோல்+எஃப்7 தட்டினால் இணைச்சொற்கள் பொருள்வாரியாக வரும், பின்னணியில் இருப்பது வேர்ட்நெட் என்ற ஆங்கிலச் சொல் தரவு. (வேர்டில் இது ஷிஃப்ட்+எஃப்7. அந்தப் பழக்கத்தில் ரைட்டரில் ஷிஃப்ட்+எஃப்7 தட்டினால் எழுத்துப்பிழை நெளிகோடு மறைவதும் வருவதுமாக இருக்கும், பயப்பட வேண்டாம்.) தமிழ்ச் சொல்லின்மேல் வைத்தால், அந்த மொழிக்கு இணைச்சொல் தரவு நிறுவப்படாதவரை பட்டி மங்கலாகவே கிடக்கும். எழுத்துப்பிழை திருத்தியும் முழுக்க நம்பக்கூடியது அல்ல. உள்ளே இருப்பது ஹன்ஸ்பெல், ஹங்கேரிய மொழிக்காக உருவானது. ஒட்டுகள் அடுக்கடுக்காகச் சேரும் மொழி அது என்பதால் தமிழுக்கும் பொருந்தும் என்று தோன்றும். ஆனால் ஹன்ஸ்பெல் சொல்லைத் தனித்தனியாகப் பார்க்கிறது. "அதைப் பார்த்தான்" என்பதில் ப் வேண்டுமா வேண்டாமா என்பது அடுத்த சொல்லைப் பார்த்தால்தானே தெரியும்? அதனால் சந்தி விஷயத்தில் அதனிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். இதற்கு நீச்சல்காரன் உருவாக்கிய நாவி இருக்கிறது, எழுத்துப்பிழைக்கு அவருடைய வாணி. இரண்டும் உலாவியிலேயே வேலை செய்யும். திருத்திய மொத்தத்தையும் திரும்ப ரைட்டரில் கொண்டுவந்து ஒட்டினால் தலைப்பு, அடிக்குறிப்பு எல்லாம் குலைந்துபோகும், ஆகவே பிழைகளைப் பார்த்துக் கையால் திருத்துவது உத்தமம்.

இணைச்சொல்லுக்கு நிகண்டுகளைப் பாருங்கள் என்று யாராவது சொன்னால், அவர் சொல்வது பாதி சரி. திவாகரமும் பிங்கலமும் பொருள்வாரியாகச் சொற்களை அடுக்கியவைதான், யானைக்கும் கடலுக்கும் வரிசையாகப் பெயர் கிடைக்கும். நேற்று நடந்த கூட்டத்தின் குறிப்பை எழுதுகிறவருக்கு அவற்றால் பெரிய பிரயோசனமில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் (1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், 1939-ல் துணைத்தொகுதி) சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் தேடக் கிடைக்கிறது. கையில் உள்ள சொல் சரிதானா என்று பார்க்க அது. இல்லாத சொல்லைக் கண்டுபிடிக்க அல்ல. எனக்குப் பயன்படும் குறுக்குவழி வேறு. மனதில் இருக்கும் பொருளுக்கு ஏதாவது ஓர் ஆங்கிலச் சொல்லைத் தட்டி, கண்ட்ரோல்+எஃப்7-ல் அதன் அண்டை அயல் சொற்களைப் பார்த்து, அவற்றில் நெருங்கியதைத் தமிழ் விக்சனரியில் போட்டுப் பார்ப்பது. முதல் சொல்லுக்குக் கிடைக்காத நல்ல தமிழ்ச் சொல் மூன்றாவது சொல்லுக்குக் கிடைக்கும், பல நேரம் அது நமக்கு ஏற்கெனவே தெரிந்த சொல்லாகவே இருக்கும், அந்த நேரத்துக்கு நாக்கில் வரவில்லை, அவ்வளவுதான். அதுவும் வரவில்லையா, ## என்று போட்டுவிட்டு மேலே எழுதிக்கொண்டே போங்கள். கடைசியில் ## தேடினால் எல்லா ஓட்டையும் வரிசையாக வந்து நிற்கும். ஒரு சொல்லுக்காக ஒரு பத்தியையே தொலைப்பது எனக்கு ஆகாது. தேடும் பெட்டியில் ஃபைண்ட் ஆல் கொடுத்து உங்கள் கட்டுரையில் "மிகவும்", "குறிப்பாக" இரண்டும் எத்தனை இடத்தில் இருக்கின்றன என்றும் ஒருமுறை பாருங்கள், பாதியை எடுத்துவிடத் தோன்றும்.

மற்றவை சுருக்கமாக. நடுவே ஒரு பக்கத்தை மட்டும் படுக்கைவாட்டில் வைக்க வேர்டில் செக்‌ஷன் பிரேக் போடுவதுபோல இங்கே பக்க ஸ்டைல் மாற்ற வேண்டும், முதலில் எரிச்சல் வரும், அப்புறம் இதுதான் ஒழுங்கு என்று தோன்றும். மூன்று சிறுகோடு தட்டி என்டர் அடித்ததும் முளைக்கும் நீளக்கோடு அழியாது. அது எழுத்தே இல்லை, பத்தியின் பார்டர், அங்கே போய் எடுக்க வேண்டும், அல்லது முளைத்தவுடனே கண்ட்ரோல்+இசட். அட்டவணையோடு ஆவணம் முடிந்து, அதற்குக் கீழே எழுத இடமில்லை என்றால் கடைசிக் கட்டத்தின் முடிவில் ஆல்ட்+என்டர். பேக்கப் காப்பி எடுக்கும் வசதி லோட்/சேவ் பகுதியில் இருக்கிறது, இயங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

யாருக்கு வேண்டாம்? நாலு பேர் ஒரே நேரத்தில் ஒரே கோப்பில் எழுதுகிறவர்களுக்கு கூகுள் டாக்ஸ் போதும், அதில் ரைட்டரால் போட்டி போட முடியாது. எதிர்ப்பக்கம் எல்லோரும் வேர்டில் திறந்து திருத்துகிறார்கள் என்றாலும் யோசியுங்கள். எழுத்தெல்லாம் பத்திரமாகப் போய்ச் சேரும், ஆனால் படமும் அட்டவணையும் நிறைந்த கோப்பில் பக்க அமைப்பு அங்கே இங்கே நகரலாம். அப்படி அனுப்ப வேண்டியிருந்தால், வேலை செய்யும் பிரதியை ரைட்டரின் சொந்த வடிவமான ஓடிடியாகவே வைத்துக்கொண்டு, வேர்டின் வடிவமான டாக்எக்ஸ் பிரதியைத் தனியே சேமித்து அனுப்புங்கள், கோப்பின் ப்ராபர்ட்டீஸில் எழுத்துருவை உள்ளே பதித்துவிடும் வசதியையும் டிக் செய்துவிடுங்கள், எதிராளி கணினியில் நோட்டோ இல்லாவிட்டால் பக்கக் கணக்கே மாறிவிடும்.