எச்சரிக்கை: ஓரிகாமியை ஒட்டித் தரக் கொடுத்து 7,400 ரூபாய் போச்சு

புதுச்சேரியில் ஃபிரேம் போட்டு, அக்ரிலிக் பெட்டியும் செய்து தரும் ஒரு கடையில் 7,400 ரூபாயைத் தொலைத்துவிட்டு இதை எழுதுகிறேன். பெட்டிக்கு 4,800. காகிதத்தை மடித்துச் செய்த பதிமூன்று ஓரிகாமி உருவங்களை உள்ளே ஒட்டித் தர, ஒன்றுக்கு 200 வீதம் 2,600. மொத்தத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். பெட்டிக்குள் வெள்ளை படிந்து உருவங்கள் பாழானதைப் பற்றி இன்று காலை போய்க் கேட்டதற்குக் கிடைத்த பதில்: "கடல் காத்துக்கு எல்லாம் அப்படித்தான் மேடம் ஆகும்."

காற்றால் ஆனது இல்லை இது. பசையால் ஆனது.

வேலையைக் கொடுக்கும்போதே ஒரு தாளில் எழுதித் தந்தேன். அமிலம் இல்லாத வெள்ளைப் பசை மட்டும் போடணும். பல்குச்சி நுனியில் அரிசி அளவு எடுத்து, வெளியே தெரியாத மடிப்புக்கு அடியில் மட்டும் வைக்கணும். ஒட்டின பிறகு ஒரு நாள் முழுக்கப் பெட்டியை மூடக்கூடாது. ஃபாயில் தாளில் செய்த இரண்டு வண்டுகளுக்கும் பசையே வேண்டாம், மெல்லிய நைலான் நூலால் கட்டினால் போதும். ஃபாயிலும் தண்ணீரை உறிஞ்சாது, அடியில் இருக்கும் அக்ரிலிக்கும் உறிஞ்சாது. நடுவில் மாட்டிக்கொள்ளும் வெள்ளைப் பசை நாள்கணக்கில் காயாமல் கொழகொழவென்று கிடக்கும்.

கடைக்காரர் அதை விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். மேசைக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளைக் குப்பியை எடுத்தார். துண்டுத் தாளில் ஒரு பொட்டு வைத்து, அட்டையில் அழுத்தி என் கையில் கொடுத்தார். தாள் நெளியவில்லை, கறையும் இல்லை. "பேப்பருக்குன்னே வர்ற பசை. இதுதான் போடுவோம்" என்றார். அந்த ஒரு நிமிஷத்தை நம்பித்தான் 7,400 ரூபாயை எண்ணி வைத்தேன். குப்பியைக் காட்டினது அவர். பின்னறையில் உட்கார்ந்து ஒட்டினது வேறு ஆள், வேறு பசை.

பெட்டி கைக்கு வந்தபோதே மூடியைத் திறந்தால் கண் எரிந்தது. நான்காம் நாள் கறுப்பு அக்ரிலிக் தளத்தில் ஒவ்வொரு உருவத்தின் காலைச் சுற்றியும் விபூதி பூசின மாதிரி வெள்ளை வட்டம். அவர்கள் போட்டது சூப்பர் க்ளூ. அது காயும்போது கிளம்பும் ஆவி, காற்றில் இருக்கும் ஈரத்தோடு சேர்ந்து வெள்ளைத் தூளாகப் படியும். பசை அதிகமானால், காற்று நகராமல் நின்றால், படிவதும் அதிகம். மழைக்கால ஈரத்தில், ஒட்டின சூட்டோடு மூடியையும் போட்டால் அந்த ஆவி வேறெங்கே போகும்?

இதற்குச் சாட்சி பெட்டியிலேயே இருக்கிறது. உள்சுவரில் ஒட்டினவருடைய விரல் ரேகை, ஒவ்வொரு கோடும் எண்ணும்படி, வெள்ளையாக எழும்பி நிற்கிறது. தடயவியலில் ரேகை எடுக்க இதே பசையின் ஆவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். கடல் காற்று ரேகை எடுத்துக் கொடுக்காது.

ஆசிரமத்தில் கையால் தயாரித்த காகிதத்தில் செய்த யானைக்குத்தான் பெரிய சேதம். அது ஈரமடிப்பு உருவம், ஜப்பானிய ஓரிகாமி கலைஞர் அகிரா யோஷிசாவா உருவாக்கிய முறை. தாளை லேசாக நனைத்து வளைத்தால், காயும்போது அந்த வளைவு அப்படியே இறுகி நிற்கும். இதில் வெள்ளைப் பசையையே அள்ளிப் பூசினால் ஈரம் ஏறி வளைவு தளரும், அதனால்தான் அரிசி அளவு என்று எழுதினேன். தண்ணி மாதிரி ஓடும் சூப்பர் க்ளூ நார் வழியே ஏறி, பாதத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு எண்ணெய்க் கறை போலக் கறுத்திருக்கிறது. தொட்டால் பிளாஸ்டிக் மாதிரி விறைப்பு. எடுக்கப் பார்த்தேன், முன்னங்கால் அப்பளம் போல ஒடிந்தது.

போனில் சொன்னதும் "துடைச்சா போயிடும்" என்றார்கள். எடுத்துக்கொண்டு போனால், கடைப் பையன் "இருங்க அக்கா" என்று நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் நனைத்து அக்ரிலிக்கைத் துடைத்தான். அதில் இருக்கும் அசிட்டோன் அந்தப் பசையைக் கரைக்கும், உண்மைதான். அக்ரிலிக்கையும் சேர்த்துத் தின்னும். துடைத்த இடம் பால் போல மங்கி, மெல்லிசாக விரிசல் விட்டுவிட்டது. மறுமுறை போனால் முதலாளி ஊரில் இல்லை. அதற்கு அடுத்த முறை "உங்க பேப்பர் தரம் சரியில்ல". இன்றைக்கு "பில் இருக்கா?" அவர்களே கொடுத்த துண்டுச் சீட்டில் "பெட்டி 1 - 7,400" என்று மட்டும் இருக்கிறது. பசை பற்றியோ ஒட்டுக்கூலி பற்றியோ ஒரு எழுத்து இல்லை. நான் எழுதிக் கொடுத்த தாளைக் கேட்டேன். தொலைந்துவிட்டதாம். 7,400 ரூபாய் வாங்கினது மட்டும் தொலையவில்லை.

எந்த உருவத்துக்கு எந்தப் பசை என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது கை ஓடவில்லை, அவசரத்துக்கு இவ்வளவுதான்.

ஒட்டுவதை உங்கள் கண்முன்னே செய்யச் சொல்லுங்கள், முடியாது என்றால் வெறும் பெட்டியை மட்டும் வாங்கி வாருங்கள். பசையின் பெயரைச் சீட்டில் எழுத வையுங்கள். கண்ணாடிப் பெட்டியின் மூலைகளில் புளித்த காடி வாசனை அடித்தால் அது அசிட்டிக் அமிலம் விடும் சிலிக்கான் பசை, வாசனை சுத்தமாகப் போகிறவரை எதையும் உள்ளே வைக்காதீர்கள். செங்குத்தான பலகையில் இரட்டைப் பக்க டேப்பை நம்பாதீர்கள், வெயில் காலத்தில் பசை இளகி உருவம் கீழே வழுக்கும். அங்கே இரண்டு ஓட்டை போட்டு நூலைப் பின்னால் முடிச்சுப் போடுவதுதான் சரி.

ஏற்கெனவே இப்படி ஒட்டின பெட்டி வீட்டில் இருந்தால் முதலில் மூடியைத் திறந்து வையுங்கள். ரிமூவர் பக்கம் போகாதீர்கள். உருவத்தைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம்.