தன்னார்வலர்கள் சரிசெய்து தரும் பழைய சைக்கிள்: பெயிண்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்

வேண்டாமென்று ஒதுக்கிய சைக்கிள்களைச் சேகரித்து, பழுதுபார்த்து, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் குழுக்களின் வேலையை எப்படி எடைபோடுவது? பட்டறை மூலையில் உதிரிக்காகக் கழற்றிப் போட்ட வண்டிகள் குவிந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். வந்ததையெல்லாம் ஓட வைத்துவிடுவோம் என்கிற குழுவை நம்பத் தயக்கமாக இருக்கிறது. சில வண்டிகளைப் பிரித்தால்தான் ஒரு நல்ல வண்டி தேறும்.

ஹேண்டிலுக்குக் கீழே, கீழ்க்குழாய் சேரும் வெல்டிங் பக்கம் பெயிண்ட் சுருங்கியோ வெடித்தோ இருந்தால், அந்த வண்டி எதிலோ நேராக மோதியிருக்க வாய்ப்பு அதிகம். முன்சக்கரத்தைத் தாங்கும் கவட்டையான ஃபோர்க் பின்னால் மடங்கியிருந்தாலும் அப்படித்தான். இவை பழைய இரும்புக்குப் போக வேண்டியவை. ஃபிரேமைச் சோதிக்கும் முன்பே பெயிண்ட் அடிப்பவர்கள் விரிசலையும் சேர்த்தே மூடிவிடுகிறார்கள்.

மழையில் கிடந்த வண்டிக்கு மேலாக எண்ணெய் விடுவது ஒரு வேலையே இல்லை. இரண்டு ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்), பெடல் அச்சு, ஹேண்டில் கப் எல்லாவற்றையும் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, புது பால்ரஸும் (உருளும் சிறு இரும்புக் குண்டுகள்) கிரீஸும் போட வேண்டும். பெரும்பாலான முன் ஹப்புக்குப் பக்கத்துக்கு 10 வீதம் 3/16 அங்குல பால்ரஸ், பின் ஹப்புக்குப் பக்கத்துக்கு 9 வீதம் 1/4 அங்குல பால்ரஸ். பால்ரஸ் உருளும் கூம்பு வடிவ நட்டான கோனில் குழி விழுந்திருந்தால் பால்ரஸ் மட்டும் மாற்றிப் பயனில்லை, கொஞ்ச நாளில் மறுபடி கரகரக்கும். சோதிப்பது சுலபம்: முன்சக்கரத்தைத் தூக்கி, வால்வை மேலே வைத்து மெல்லத் தட்டிவிடுங்கள். சக்கரம் ஊஞ்சலாடி வால்வு கீழே வந்து நிற்க வேண்டும். ரிம்மைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் கூடாது.

செயினுக்கு 12 அங்குல ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவில் வைத்தால் மறுமுனையும் பின்னின் நடுவிலேயே விழ வேண்டும். 1/16 அங்குலம் தள்ளியிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 தள்ளியிருந்தால் ஃப்ரீவீலும் (பின்சக்கரப் பல்சக்கரம்) தேய்ந்திருக்கும். புதுச் செயின் போட்டாலும் பல் வழுக்கும்.

புதிய தன்னார்வலர்கள் தடுமாறுவது இடது பெடலில். அதன் மரை எதிர்த்திசை. வலுக்கட்டாயமாகத் திருகினால் பெடல் மாட்டும் கையான கிராங்கின் மரை போய்விடும். டயரிலும் ஒரு குழப்பம் உண்டு: 20 அங்குலம் என்ற பெயரில் 406 மி.மீ., 451 மி.மீ. என வெவ்வேறு ரிம் அளவுகள் உள்ளன. டயர் ஓரத்தில் உள்ள மூன்றிலக்க எண்ணைப் பார்த்துத்தான் மாட்ட வேண்டும்.

இந்த வண்டிகளில் நாங்கள் அதிகம் குறை காண்பது பிரேக்கில்தான். பெரியவர் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு 'நன்றாகப் பிடிக்கிறது' என்று அனுப்பிவிடுகிறார்கள். துருப்பிடித்த ஒயர் பிஞ்சு விரலுக்கு மசியாது. உள்ஒயரோடு வெளியுறையையும் மாற்றி, லீவரில் உள்ள சின்ன ஸ்க்ரூவைத் திருகி லீவரைக் கைப்பிடிக்கு அருகில் கொண்டுவர வேண்டும். பிரேக் கட்டை ரிம்மில் மட்டும் படியட்டும்; டயரில் உரசினால் டயர் கிழிந்துவிடும்.

வளர்ந்து சரியாகிவிடும் என்று பெரிய சட்டை எடுப்பது போல வண்டியையும் கொடுப்பது தவறு. காலை அகட்டி நின்றால் மேல்குழாய் இடிக்கக் கூடாது. சீட் கம்பியில் உள்ள எல்லைக்கோடு வெளியே தெரிந்தால் கம்பி மாற்ற வேண்டும்.

புது ஒயர் முதல் சில வாரங்களில் தளரும், ஸ்போக்கும் இளகும். மறுசோதனைக்குத் தேதி குறித்துத் தரும் குழுவுக்கே எங்கள் முழு மதிப்பெண். வண்டியோடு ஒரு பம்பும் பஞ்சர் ஒட்டும் பொருளும் தந்தால் இன்னும் நல்லது.