பாரிஸ் கார்னவாலே அருங்காட்சியகம்: முதலில் புரட்சிப் பிரிவுக்கு ஏறுங்கள்

மரே பகுதியில், சென்-போல் மெட்ரோவிலிருந்து சில நிமிட நடை. நிரந்தரக் காட்சிக்குக் கட்டணமில்லை, திங்கள் விடுமுறை. கீழே பழைய கடைப் பலகைகளிலேயே நேரம் கரைந்துவிடும். அதனால் நேராக இரண்டாம் தளத்துப் பிரெஞ்சுப் புரட்சிப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

தவறவிடக் கூடாதது, புரட்சியின் தொடக்கத்தில் மக்கள் கைப்பற்றிய பஸ்தீய் சிறைக்கோட்டையின் கல்லிலேயே செதுக்கிய அதன் சிறு மாதிரி. கோட்டையை இடித்த ஒப்பந்தக்காரர் பலுவா, 1790-இல் உருவான 83 நிர்வாகப் பிரிவுகளுக்கும் இப்படி மாதிரிகளை அனுப்பினார். பாரிசைப் பார்த்தே இராதவர்களுக்கும் ‘இது நம் வெற்றி’ என்ற உணர்வு கல்லாகவே போய்ச் சேர்ந்தது. என்ன ஒரு அரசியல் கூர்மை!

அடுத்து, புரட்சி அரசு கொண்டுவந்த பதின்ம மணிக் கடிகாரம். நாளுக்கு 10 மணி, மணிக்கு 100 நிமிடம். வீட்டுக் கடிகாரங்களையெல்லாம் மாற்ற வேண்டியிருந்ததால் அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற விதி 1795-லேயே கைவிடப்பட்டது. புரட்சியின் புதிய நாட்காட்டியில் வந்த பத்து நாள் வாரத்தையும் மக்கள் விரும்பவில்லை: ஏழு நாளுக்கு ஒருமுறை கிடைத்த ஓய்வு பத்து நாளுக்கு ஒன்றானது, ஞாயிறு வழிபாடும் போனது. அந்த நாட்காட்டி 1805 முடிவோடு ஒழிந்தது.

1789 முதல் 1794 வரையிலான நிகழ்வு வரிசையை முன்பே படித்துவிட்டுப் போங்கள். இல்லையென்றால் பொருள்கள் பேசாது. இந்தப் பிரிவுக்கு மட்டும் இரண்டு மணி நேரம் வையுங்கள்.