ஜான் ப்ரைன்: முதல் ஆல்பமும் கடைசி ஆல்பமும்

அமெரிக்கானா, அதாவது அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டும் கன்ட்ரியும் கலந்த வகைப் பாட்டு கேக்கணும், அதுல தானே பாட்டெழுதி பாடின ஜான் ப்ரைன்ல எங்க ஆரம்பிக்கறதுன்னு கேட்டா நான் ரெண்டே ஆல்பம்தான் சொல்லுவேன். 1971ல அவர் பேர்லயே வந்த முதல் ஆல்பம், 2018ல வந்த 'தி ட்ரீ ஆஃப் ஃபர்கிவ்னஸ்'. ரெண்டையும் ஒரே நாள்ல அடுத்தடுத்து கேளுங்க, நடுவுல வேற எதுவும் போடாதீங்க.

மனுஷன் சிகாகோ பக்கத்துல மேவுட்ல தபால்காரரா இருந்தவரு. லெட்டர் போட நடந்துக்கிட்டே மனசுக்குள்ள பாட்டு கட்டியிருக்காரு, குளிர் காத்து தாங்காம தெருவுல இருக்கற பெரிய தபால் பெட்டிக்குள்ள ஒதுங்கி சாண்ட்விச் சாப்பிட்டிருக்காரு. 1970ல சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட் தற்செயலா ஒரு சின்ன கிளப்ல இவர் பாடறதைக் கேட்டு பேப்பர்ல எழுத, அடுத்த வருஷமே ஆல்பம் வந்துடுச்சு.

அதுல 'ஹலோ இன் தேர்'னு ஒரு பாட்டு. வயசான புருஷன் பொண்டாட்டி, பசங்க ஆளுக்கொரு பக்கம் போயாச்சு, ஒருத்தன் கொரியா சண்டையில செத்துட்டான், ரெண்டு பேருக்கும் பேசிக்க எதுவும் மிச்சம் இல்ல. இதை எழுதினவருக்கு அப்ப இருபத்தி சொச்சம் வயசுதான். சின்னப் பையனா முதியோர் இல்லத்துக்கு பேப்பர் போடப் போனப்போ அங்க இருந்த சிலர் இவரைப் பாக்க வந்த பேரன் மாதிரியே காட்டிப்பாங்களாம், அது மனசுலயே தங்கிடுச்சுன்னு சொல்லியிருக்காரு. ஒரே குறை, எல்விஸ் பிரெஸ்லிக்கே வாசிச்ச மெம்ஃபிஸ் ஊர் வாத்தியக்காரங்க பின்னாடி வாசிக்கறதால குரல்ல ஒரு பதட்டம் தெரியும், மூக்கால பாடற மாதிரி இருக்கும்.

அப்புறம் பெரிய ரெக்கார்டு கம்பெனிகளை விட்டுட்டு 'ஓ பாய்'னு சொந்த லேபிள் ஆரம்பிச்சாரு, ஆல்பம் வர்றதுக்கு முன்னாடியே ரசிகர்கள் தபால்லயே செக் அனுப்பினாங்க, இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். 1998ல கழுத்துல கேன்சர், ஆபரேஷன், ரேடியேஷன். குரல் அடியில இறங்கி கரகரன்னு ஆயிடுச்சு. 2013ல நுரையீரல்லயும் வந்துச்சு.

அந்தக் குரல்ல பாடினதுதான் 2018 ஆல்பம். எனக்கு இந்தக் குரல்தான் பிடிக்கும். வரியோட முடிவுல பாட்டை விட்டுட்டு பேச்சா இறங்கிடுவாரு, 'சம்மர்ஸ் எண்ட்' பாட்டுல வீட்டுக்கு வந்துடுன்னு கூப்பிடறப்போ யாரோ நம்ம வாசல்ல நின்னு கூப்பிடற மாதிரியே இருக்கும். டேவ் காப் தயாரிப்பு, இசை எங்கயும் குரலை மறைக்கல. மொத்தம் பத்து பாட்டு, அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, இன்னும் ரெண்டு பாட்டு இருந்திருக்கலாம். புளூட்டோவை கிரக லிஸ்ட்லேர்ந்து தூக்கினதை வச்சு ஒரு பாட்டு இருக்கு, அது எனக்கு ஒட்டல.

கடைசிப் பாட்டுல சொர்க்கத்துக்குப் போனா என்னென்ன செய்வேன்னு அடுக்குறாரு, அதுல ஒண்ணு ஒன்பது மைல் நீள சிகரெட். கேன்சருக்காக புகையை விட்ட மனுஷன் பாடறாருன்னு தெரிஞ்சு கேளுங்க. 2020 ஏப்ரல் 7ல கொரோனா அவரைக் கொண்டு போயிடுச்சு, 73 வயசு. நான் அந்தப் பாட்டு முடிஞ்சதும் திரும்ப 71 ஆல்பத்துக்குப் போய் அந்தக் கிழவன் கிழவி பாட்டை இன்னொரு தடவை போடுவேன்.